பேய்க்கதையும் பெருந்துயரும்

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் பாடம் நடத்திய தமிழாசிரியர் எவரும், 'பேய் முறைப்பாடு' என்னும் பகுதிக்கு வந்ததும் வகுப்பு கலகலப்பதைக் கண்டிருப்பர். காளியின் திருமுன் நின்று பேய்கள் பசி பசியென்று புலம்புகின்றன. பின்னர்ப் போர் நிகழ்கிறது. கருணாகரத் தொண்டைமானின் படை வெல்கிறது. களத்தில் கிடந்த குருதியும் நிணமும் பேய்களுக்குக் கூழாகின்றன. சிரித்துக்கொண்டே படித்துவந்த மாணவன், கூழ் அடும் இடம் வந்ததும், தான் எதற்குச் சிரித்தோம் எனத் திகைப்பதும் உண்டு. அத்திகைப்பு இலக்கியத் திறனாய்வுக்கு உரிய ஒரு வினாவை எழுப்புகிறது. உண்மையில் நிகழ்ந்த துயரத்தைப் பேய்க்கதைக்குப் பொருளாக்கலாமா? ஆக்கின் எவ்வாறு ஆக்குவது?

கலிங்கப் போர் கற்பனையன்று. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெய்யாகவே நிகழ்ந்த போர். மெய்யான மனிதர் மாண்ட களத்தில் பேய்களை நிறுத்தி விருந்திடுவது புலவனுக்கு அடுக்கும் என்றே பரணி மரபு விடை தருகிறது. ஆயினும் அம்மரபு ஓர் எல்லையைத் தாண்டவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பேய்கள் போருக்கு ஏங்குகின்றன. கலிங்கத்தில் தோன்றிய தீக்குறிகளைக் கேட்டுக் கூத்தாடுகின்றன. நிகழ்ந்த போரைக் காளிக்கு எடுத்துரைப்பதும் ஒரு கூளியே. ஆனால் போரை மூட்டியவை அவையல்ல. கலிங்க வேந்தன் திறை செலுத்தத் தவறினான். சோழன் படை அனுப்பினான். பேய் உண்கிறது, கொல்பவன் மனிதன். இவ்வேறுபாட்டைச் செயங்கொண்டார் ஓரிடத்திலும் குழப்பவில்லை.

இப்பழம்பாடத்தை இன்று நினைவூட்டும் தேவை ஒரு புதுவகைக் கதையாட்டத்தால் நேர்ந்துள்ளது. நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதைசொல்லியாக இருந்து இடத்தையும் சூழலையும் விரிக்கிறார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் சொல்வதையும் செய்வதையும் அவ்வப்போது கூறிக் கதையை நகர்த்துகின்றனர். முடிவு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. எழுதி வைத்த வசனம் இல்லை, மேடை இல்லை, பார்ப்போரும் இல்லை. நடிப்போரே கேட்போர். தெருக்கூத்தின் கட்டியங்காரன் அவ்விடத்திலேயே புனைந்து பேசுவதை அறிந்த தமிழருக்கு இது முற்றிலும் அயலான கலையாகத் தோன்றாது.

இவ்வகை ஆட்டங்களுள் 'வேம்பையர்: தி மாஸ்கரேட்' என்பது 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒயிட் உல்ஃப் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. இதை யாத்தவர் மார்க் ரெயின்-ஹாகன். ஆடுவோர் ஒவ்வொருவரும் குருதியுண்ணும் பேயாகின்றனர். மனிதரிடையே மனிதர்போல் முகமூடி அணிந்து இப்பேய்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு மாந்தர்க்கும் 'மனிதம்' என ஓர் அளவு குறிக்கப்படுகிறது. கொடுமை செய்யச் செய்ய அவ்வளவு குறையும். அது முற்றும் அற்றுப்போயின் அம்மாந்தர் வெறும் விலங்காகி ஆடுவோர் கையைவிட்டு நீங்கிவிடுவார். பகடையாட்டம் ஒன்றுக்குள் இத்தகைய அறக்கணக்கை வைத்தது சிறிய செயலன்று, பாராட்டுக்குரியது.

ஆயினும் இவ்வாட்டத்தின் அமைப்பிலேயே ஓர் இழுக்கும் இருக்கிறது. பேய்கள் மறைந்திருந்து மனிதரை ஆட்டுவிக்கின்றன என்பதே அதன் அடிப்படைக் கற்பனை. ஆகவே உலகில் எது நிகழினும், அதன் பின்னணியில் ஒரு பேய் இருந்தது என்று எழுத ஆசிரியரின் கை தானே நீளும். நாளிதழைப் புரட்டி ஒரு பேரழிவைத் தேர்ந்து, அதற்கு ஒரு பேயைக் காரணமாக்கினால் ஒரு மாலை ஆட்டத்துக்குரிய கதை முடிந்தது. இதுவே எளிய வழி. இதுவே கேடான வழியும் ஆயிற்று.

2018ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. அவ்வாட்டத்தின் ஐந்தாம் பதிப்பையொட்டி 'கேமரிலா' என்னும் துணைநூல் வெளிவந்தது. ரசியக் கூட்டாட்சிக்கு உட்பட்ட செச்சினியாவைப் பற்றி அதில் ஒரு பகுதி இருந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் ரசிய நாளிதழ் நோவயா கசெத்தா ஒரு கொடுஞ்செய்தியை வெளிக்கொணர்ந்திருந்தது. ஓரினச் சேர்க்கையாளர் எனக் கருதப்பட்ட ஆடவர் நூற்றுக்கு மேற்பட்டோர் அங்குப் பிடித்துச் செல்லப்பட்டு வதைக்கப்பட்டனர் என்பதும், சிலர் கொல்லப்பட்டனர் என்பதும் அச்செய்தி. துணைநூல் இதை எடுத்துக்கொண்டது. செச்சினியாவை ஆள்பவை பேய்களே என்றும், அவ்வாடவர்க்கு நேர்ந்த கொடுமை உலகின் பார்வையை அப்பேய்களிடமிருந்து திருப்பும் திரையே என்றும் எழுதிவிட்டது. வதையுண்டோருள் உயிர் தப்பியோர் அயல்நாடுகளில் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அவர்தம் துன்பம் இன்னொரு கதைக்குப் பின்திரையாயிற்று. கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் உரிமையாளரான சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, அப்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. ஒயிட் உல்ஃப் தனி நிறுவனமாக இயங்குவதும் அத்துடன் முடிவுற்றது.

அந்நூல் செய்த பிழை எது? நாகரிகக் குறைவு என்றனர் சிலர். காலம் பொருந்தவில்லை என்றனர் வேறு சிலர். ஓராண்டுக்கு முன் நிகழ்ந்ததை எடுத்ததுதான் தவறு, ஐம்பது ஆண்டு கழித்து எழுதியிருப்பின் குற்றமில்லை என்பது பின்னவர் கருத்து. இது பொருந்தாது. காலம் கடந்தாலும், பேய்தான் செய்தது என்னும் கூற்று பொய்யாகவே நிற்கும். பிழை அக்கூற்றில் இருக்கிறது. கொன்ற கைக்கு உரிய பழியைக் கற்பனைக்கு மாற்றிவிட்டால், கொன்றவன் கதையிலிருந்து நழுவிவிடுகிறான். மாண்டவனுக்கோ முகமே இல்லாமற் போகிறது.

இதே நிறுவனம் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு நூலை இதனோடு ஒப்பிட்டுக் காண்பது பயன்தரும். 'ரெயித்' என்பது இறந்தோரின் ஆவிகளையே கதைமாந்தராகக் கொண்ட ஆட்டம். அதற்கென எழுதப்பட்டது, நாஜிகளால் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பேரழிவைப் பொருளாகக் கொண்ட 'ஐரோப்பாவின் பிணமனைகள்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். ஆட்டத்துக்கு இதைவிட ஒவ்வாத பொருள் இருக்கமுடியாது என்றே எவரும் நினைப்பர். எனினும் அந்நூல் தலைகுனிய வைக்கவில்லை. கொன்றோர் மனிதராகவே அதில் நிற்கின்றனர். ஆவிகள் கொல்லப்பட்டோரின் ஆவிகள். அவர்கள் தம் அழிந்த ஊர்களையும் தெருக்களையும் நினைவில் காத்து நிற்கின்றனர். பேயைக் கொணர்ந்தது பழியை மாற்றுவதற்கன்று, சாட்சி சொல்வதற்கு. ஆக, பொருள் எத்துணைக் கொடியதாயினும் கதையாட்டம் அதைத் தாங்கும். கூளியின் வாயாற் போரைச் சொல்வித்த பரணியாசிரியரும் பேயைச் சாட்சியாகவே நிறுத்தினார் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பேய்க்கதைகள் பிறந்த வரலாறும் இதற்கு அரண் செய்யும். 'டிராகுலா' நாவலை 1897இல் எழுதிய பிராம் ஸ்டோக்கரின் தாயார், 1832ஆம் ஆண்டு அயர்லாந்தின் சிலைகோ நகரை அழித்த வாந்திபேதியைச் சிறுமியாக இருந்து கண்டவர். கண்டதை மகனுக்காக எழுதியும் கொடுத்தவர். மலாய் மக்களின் பொந்தியானாக், மகப்பேற்றில் மாண்ட பெண்ணின் ஆவி. 1957இல் பி. என். ராவ் என்னும் இந்திய இயக்குநர் சிங்கப்பூரில் அவளைத் திரைக்குக் கொணர்ந்தபோது மரியா மெனாடோ அவ்வேடம் ஏற்றார். மக்கள் திரண்டு கண்டனர். மருத்துவச்சி வந்து சேருமுன் உயிர் துறந்த பெண்கள் பலர் இல்லாதிருந்தால் அந்த ஆவி ஏது? துயரம் முன்னே வந்தது. பேய் அதன் பின்னே வந்தது.

இனி இவ்வளவுகோலை ஜொகூர் மண்ணில் வைத்துப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பாசிர் கூடாங் வட்டாரத்தில் சுங்கை கிம் கிம் ஆற்றில் நச்சு இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது தெரியவந்தது. ஆற்றை அடுத்த பள்ளிகளின் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் பாசிர் கூடாங் மாணவர்கள் மீண்டும் மூச்சுத் திணறலுக்கு ஆளாயினர். கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வந்து பிள்ளைகளைச் சாய்த்த அக்கேடு பேய்க்கதைக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கற்பனை மிக்க மாணவன் ஒருவன் இதை ஆட்டமாக்க விரும்பினால் அவன்முன் இரு வழிகள் உள.

நூறாண்டு வாழ்ந்த ஒரு குருதிப் பேய் தன் இருப்பை மறைக்கவே நஞ்சைக் கொட்டியது என்று அவன் எழுதலாம். 2018ஆம் ஆண்டு நூல் சென்ற வழி அது. அல்லது அப்பேயும் அவ்வட்டாரத்திலேயே ஒளிந்து வாழ்வதாக வைக்கலாம். ஓரிரவு அது உண்ட குருதியே கசக்கிறது, உண்டதைக் கக்குகிறது, வட்டாரமெங்கும் குருதி நஞ்சாகிவிட்டதை முதலில் உணர்வது அதுவே. பசியால் உந்தப்பட்டுக் காரணத்தைத் தேடிச் செல்கிறது. ஆற்றங்கரையில் அது காண்பது இன்னொரு பேயை அன்று, ஒரு லோரியை. அதை அனுப்பியவருக்குக் கோரைப்பல் இல்லை. கழிவை முறைப்படி அகற்ற ஆகும் செலவை மிச்சப்படுத்தும் எண்ணமே உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து, இதுவரை தம்மையே கொடியோராகக் கற்பனை செய்து ஆடிவந்த பிள்ளைகள் அங்கு வாயடைத்துப்போவர். அவர்கள் தத்தம் தாளில் எழுதி வைத்த 'மனிதம்' என்னும் அளவுக்கு அப்போதுதான் பொருள் உண்டாகும்.

மூத்த துயரமொன்றும் இம்மண்ணில் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். முதலில் கூலி தருவதாகச் சொல்லியும், பின்னர்ப் பிடித்தும் அனுப்பினர். வாந்திபேதியும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரைத் தமிழில் நிலைநிறுத்தின. பேய் வேண்டாத கதைகள் அவை. ஆயின் கதையாட்டத்தில் இது இடம்பெறும் நாள் வரின், பேயைத் தண்டவாளம் போட வைக்கலாகாது. பாதையோரக் கொட்டகைகளில் அது உண்டு கொழுத்திருக்கும் என்பதையும் மறைக்கலாகாது. பரணிப் பேய்களைப்போல் அதுவும் பிறர் சாவில் பசியாறியது என்னும் உண்மையை, அதை ஏற்று ஆடுபவனே தன் வாயால் சொல்ல வேண்டிவரும். நாவல் படிப்பவனுக்கு நேராத இடர்ப்பாடு இது. இவ்வாட்டத்தின் வலிமையும் இதுவே.

செயங்கொண்டாரைப் புகழ்ந்து தொடங்கியதால் அவர்பால் உள்ள குறையைச் சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது. பழியை அவர் பேய்மேல் ஏற்றவில்லை, உண்மை. ஆனால் மாண்ட கலிங்கருள் ஒரு வீரனுக்கேனும் பரணியில் பெயர் உண்டா? தோற்று ஓடுவோர் சமணராகவும் பாணராகவும் வேடம் புனைந்து தப்புவது அங்கு நகைச்சுவை. வென்றவன் அவையில் அரங்கேறிய நூல் வேறெவ்வாறு பாடும் என்று கேட்கலாம். கேட்கட்டும். அவ்வவைக்கு வெளியே, தோற்றவரின் வழிவந்தோர் கதை கட்டும்போது அந்நகைச்சுவையைக் கடன் வாங்க வேண்டிய தேவையில்லை. மாண்டோர்க்குப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், விட்டுவந்த பிள்ளை வேண்டும்.

பெயரைத் தேடுவதுதான் கதைசொல்லிக்குக் கடினமான வேலை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கற்கள் இல்லை. ஜொகூர்த் தோட்டங்களில், தந்தை போன நாளில் கைக்குழந்தையாக இருந்த மூதாட்டியர் மிகச் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். அவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.