மறப்போரும் மறக்கப்படுவோரும்: தமிழ்த் திரைப்படத்தில் நினைவிழப்பு என்னும் உத்தி

தமிழ்த் திரைப்படங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் கதைப்பின்னல் உத்திகளுள் நினைவிழப்பும் ஒன்றாகும். தலையிலே படும் ஓர் அடியால் கதைமாந்தர் ஒருவர் தம் பெயரையும் உற்றாரையும் மறத்தலும், இடையில் வேறொருவரது அரவணைப்பில் வாழ்தலும், பின்னர் மற்றுமோர் அதிர்ச்சியால் பழைய நினைவு மீண்டு அந்த இடைக்கால வாழ்வை முற்றாக மறத்தலும் நாம் கண்டு பழகிய நிகழ்ச்சிகள். இவ்வுத்தியை மருத்துவ அடிப்படையற்ற மலிவுச் சரக்கென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு கதையுத்தி தலைமுறை தலைமுறையாக நிலைபெறுமாயின், அதனை நிலைபெறச் செய்யும் சமூகத் தேவை யாது என வினவுதல் ஆய்வாளர் கடனாகும். மறப்பவர் யார், மறக்கப்படுபவர் யார், அம்மறதியால் எக்கடன் கொடாமலே கழிக்கப்படுகின்றது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்துச் சில படங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மருத்துவம் பற்றிச் சிறிது கூறுதல் தகும். மூளைக் காயத்தால் உண்டாகும் மறதி பெரும்பாலும் காயத்துக்குச் சற்று முந்திய காலத்தையோ, அதன் பின்னர் நிகழ்வனவற்றையோ பாதிக்கின்றது. ஒருவர் தாம் யார் என்பதையே அடியோடு இழத்தல் மிக அரிது. 1953இல் மூளையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் பின் புதிய நினைவுகளை நிலைநிறுத்தும் ஆற்றலை இழந்த அமெரிக்கரான ஹென்றி மொலைசன், தமது பெயரையோ இளமைக்காலத்தையோ மறந்தாரல்லர். இரண்டாவது அடி முதலாவது அடியைக் குணப்படுத்தும் என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. எனவே திரைப்படத்து நினைவிழப்பு ஒரு நோயின் சித்திரிப்பு அன்று. அது ஒரு கதை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் யாருக்குச் சாதகமானது என்பதே நமது பிரச்சினை.

இதன் தொன்மையான வடிவத்தைச் சகுந்தலை கதையிற் காண்கிறோம். மகாபாரதத்திலே துஷ்யந்தன் மறப்பதில்லை. சகுந்தலை மகனோடு அவைக்கு வந்து நிற்கும்போது, அவளை அறிந்திருந்தும் அறியேன் என்கிறான். அவளோ அரசனை எதிர்த்து வாதிடுகிறாள். காளிதாசன் அக்கதையை நாடகமாக்கியபோது துர்வாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் புகுத்தினான். இம்மாற்றம் வெறும் அழகியல் மாற்றமன்று. அரசன் பொய்யுரைத்தான் என்ற குற்றச்சாட்டு, அரசன் மறந்தான் என்ற பரிதாபமாக உருமாறுகின்றது. பொறுப்பு அரண்மனையிலிருந்து முனிவரின் சினத்துக்கும், மோதிரத்தைத் தவறவிட்ட பெண்ணின் கவனயீனத்துக்கும் இடம்பெயர்கின்றது. நிலமானியச் சமூகத்து அரசவைக் கலை தன் தலைவனைக் காப்பாற்றக் கண்ட வழி இது. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கனின் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’ திரைக்கு வந்தபோது, இந்தச் சாப வடிவமே தமிழ்ப் பார்வையாளருக்கு உரியதாயிற்று.

முதலாளித்துவச் சமூகத்தில் முனிவரின் சாபம் செல்லுபடியாகாது. அதனிடத்தை விபத்து நிரப்புகின்றது. முதலாம் உலகப் போரில் நினைவிழந்த ஓர் இராணுவ அதிகாரி மேடைக் கலைஞையான ஒரு பெண்ணை மணந்து வாழ்வதையும், பின்னர் நினைவு மீண்டு தன் செல்வக் குடும்பத்தின் தொழில்களுக்குத் தலைவனாகி அவளை மறந்துவிடுவதையும் ஜேம்ஸ் ஹில்டன் 1941இல் ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ என்ற நாவலாக்கினார். மறு ஆண்டே அது ஹொலிவூட் படமாயிற்று. இக்கருவைத் தழுவியது எனப் பரவலாகக் குறிப்பிடப்படுவது ஸ்ரீதரின் கதையில் பிரகாஷ் ராவ் இயக்கிய ‘அமரதீபம்’ (1956). சிவாஜி கணேசன் ஏற்ற அசோக் என்னும் பாத்திரம் செல்வ மகளான அருணாவை நேசிக்கின்றது. நினைவிழந்தபின் நாடோடிப் பெண்ணான ரூபாவின் அன்பில் வாழ்கின்றது. நினைவு மீண்டதும் ரூபாவோடு கழிந்த காலம் துடைக்கப்பட்டுவிடுகின்றது. இங்கு வர்க்கப் பிரிவு தெளிவானது. மறதிக் காலம் நாடோடிகளின் காலம். நினைவுக் காலம் மாளிகையின் காலம். மறதி என்ற பாலத்தின் வழியே கதாநாயகன் கீழிறங்கி அன்பைப் பெறலாம். ஆனால் அப்பாலத்தில் ரூபா மேலேறி வருவதற்கு வழியில்லை.

ஏ. சி. திருலோகசந்தரின் ‘எங்கிருந்தோ வந்தாள்’ (1970) இதனை மேலும் வெளிப்படையாக்குகின்றது. சித்தம் கலங்கிய செல்வக் குடும்பத்து மகனுக்கு மனைவியாக நடிக்கும்படி ஆடல்மகள் ஒருத்தி அழைத்து வரப்படுகிறாள். அவளது பணிவிடையால் அவன் தெளிகிறான். தெளிந்ததும் அவளை அறியாதவனாகிறான். இங்கே பராமரிப்பு என்பது உழைப்பு என்ற உண்மை திரையில் ஒளிவுமறைவின்றி நிற்கின்றது. அவ்வுழைப்பின் பயனை நுகர்ந்தவன் உழைத்தவளைக் காணாதிருக்க மறதி உதவுகின்றது. பண்டத்தைக் காண்போர் அதிற் படிந்துள்ள உழைப்பைக் காண்பதில்லை என மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கிய உறவு, இப்படத்தில் ஒரு குடும்பக் கதையாக உருப்பெறுகின்றது எனலாம். கதை முடிவில் அவளுக்கு நியாயம் கிடைப்பினும், அது உழைத்தவளின் உரிமையாகக் கிடைப்பதில்லை. குணவதி என்ற சான்றிதழுக்குரிய பரிசாகவே கிடைக்கின்றது.

இம்மரபில் தனித்து நிற்பது பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). விபத்தால் குழந்தை நிலைக்குத் திரும்பிய பெண்ணை விலைமாதர் விடுதியிலிருந்து மீட்டு நீலகிரிக்கு அழைத்துச் செல்லும் பள்ளி ஆசிரியன், அவள் குணமடைந்த கணத்திலேயே அவளுக்கு அந்நியனாகின்றான். முந்திய படங்களில் கதை, நினைவு மீண்டவரோடு மாளிகைக்குத் திரும்பிவிடும். இங்கோ கமரா மறக்கப்பட்டவனோடு புகையிரத நிலையத்திலேயே நின்றுவிடுகின்றது. அவனது இழப்புக்கு ஈடு வழங்கப்படவில்லை, ஆறுதலும் கூறப்படவில்லை. தமிழ்ப் படவுலகில் இது துணிவான முடிவு. ஆயினும் படத்தைப் பாராட்டுவோர் பலர் காணத் தவறும் மறுபக்கம் ஒன்றுண்டு. அப்பெண்ணின் நிலையிலிருந்து நோக்கின், குழந்தையாக்கப்பட்டு ஓர் ஆடவனின் வீட்டில் வாழ்ந்த காலத்திலிருந்து அவள் விடுதலை பெறுகின்றாள். அவள் விரும்பி மறக்கவில்லை. அவளிடம் எவரும் எதுவும் கேட்கவுமில்லை. அவன் துயரத்தைக் காவியமாக்கும் படம் அவள் உரிமையைப் பேசாது விடுவது அதன் எல்லை.

பிந்திய படங்களில் இவ்வுத்தி புதிய பொருளாதாரத்தோடு பொருந்திக்கொள்கின்றது. ‘மெமென்டோ’ (2000) படத்தின் கருவை எடுத்தாண்ட ஏ. ஆர். முருகதாஸின் ‘கஜினி’ (2005) கைத்தொலைபேசி நிறுவன அதிபர் ஒருவரை நாயகனாக்குகின்றது. நினைவு அவன் உடலிற் பச்சை குத்தப்பட்ட தனிச்சொத்தாகின்றது. சிறுமியர் கடத்தல் என்ற சமூகக் குற்றத்தை எதிர்த்தே அவன் காதலி உயிரிழக்கிறாள். எனினும் படத்தின் இயக்குவிசை தனிமனிதப் பழிவாங்கலே. இதற்கு நேர்மாறாகப் பாலாஜி தரணிதரனின் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012), கிரிக்கெட் ஆட்டத்தில் விழுந்து அண்மைக்கால நினைவை இழந்த ஓர் எளிய இளைஞனை அவன் நண்பர்கள் திருமணம் வரை தாங்கிச் செல்வதைக் காட்டுகின்றது. உண்மைச் சம்பவமொன்றைத் தழுவிய இந்நகைச்சுவைப் படத்தில் நினைவு கூட்டு உழைப்பாகின்றது. ஒருவன் மறந்ததை மூவர் சுமக்கின்றனர். மருத்துவ நிலையில் மட்டுமன்றிச் சமூக நிலையிலும் இதுவே மற்றவற்றிலும் யதார்த்தத்துக்கு அண்மையது. தொலைக்காட்சித் தொடர்களைப் பொறுத்தவரை, நாள்தோறும் விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கிக் கதையை நீட்டவேண்டிய நிர்ப்பந்தமே மறதியின் தாய். பாத்திரம் மறந்தால் ஏற்கெனவே தீர்ந்த முரண்பாட்டை மீண்டும் விற்கலாம்.

இப்படங்களை மடுல்கெல்ல போன்ற ஓரிடத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்னொரு பொருள் புலப்படுகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலே கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட மக்களின் வரலாறு, மறக்கப்பட்டோரின் வரலாறே. 1947இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அறியேன் என்றது. தந்தை இலங்கையிற் பிறந்தவர், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயன்களில் அச்சான்றுக்கு எங்கு செல்வது? சகுந்தலையிடம் மோதிரம் கேட்ட அவை இதுவே. அரசனுக்கு உண்மை தெரியும். தேயிலைப் பெட்டிகளின் கணக்கு அவனிடம் இருந்தது. அவ்வகையில் 1948இன் அவை காளிதாசனின் அவையன்று. அறிந்தும் அறியேன் என்ற மகாபாரத அவை.

1964 ஒக்டோபரில் ஒப்பமிடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாக்கி, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாரிற் கப்பலேறியோருட் கணிசமானோர் நீலகிரியின் அரச தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ‘மூன்றாம் பிறை’யின் காதற் பின்னணியான அதே நீலகிரி, அதே காலத்தில், இரு நாடுகளாலும் கைவிடப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டத்தின் இருப்பிடமாயிருந்தது. மட்டக்களப்பிற் பிறந்த கலைஞரொருவரின் கமரா அம்மலைகளின் மூடுபனியைக் கண்டது; அம்மக்களைக் காணவில்லை. இதனைத் தனிமனிதக் குறையாகக் கொள்வதினும், வணிகத் திரைப்படம் எதனைப் பார்க்க அனுமதிக்கின்றது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருந்தும். நம் நாட்டில் வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ (1975), கலைக்குறைகள் பலவிருப்பினும், தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொணர்ந்தது என்பதனால் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. எனினும் லயன் வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்கு அங்கு வாழ்வோரிடம் இன்றும் காணியுறுதி இல்லை. மலையக மக்களின் இருநூறு ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டபோது, அந்த நினைவுகூரலே ஓர் உரிமைக் கோரிக்கையாக அமைந்தமை கவனிக்கத்தக்கது. மறக்கப்பட்டோர் மறந்தவரின் இரக்கத்துக்காகக் காத்திருக்காமல் தாமே கணக்கை முன்வைத்தனர். நம் திரைக்கதைகள் இன்னும் எழுதாத காட்சி அதுவே. நினைவு மீண்ட நாயகன் புகையிரதத்தில் ஏறும்போது, கீழே நிற்பவர் தம் உழைப்பின் கணக்கைக் கேட்பது எப்போது என்ற வினாவை நம் விமரிசனம் தொடர்ந்து எழுப்புதல் வேண்டும்.