ஜாயின் ஆகாத ரெண்டு டேபிள்: திண்டிவனத்துப் பெண்ணின் சம்பளம் எந்த அறிக்கையில் இருக்கு?

பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளில், சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருப்பவை 2022-23 நிதியாண்டிலிருந்து செபிக்கு பிஆர்எஸ்ஆர் என்கிற அறிக்கையைக் கட்டாயம் கொடுக்கணும். ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், இருபாலரின் மீடியன் சம்பளம் (வரிசையில் நிறுத்தினா நடுவில் நிற்பவரின் சம்பளம்) என்ன, எல்லாம் அதில் உண்டு. யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனா படிவத்தை ஒரு கம்பெனி நூற்றுக்கு நூறு ஒழுங்கா நிரப்பினாலும், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அதிலிருந்து ஒண்ணும் தெரியாது. குறை படிவத்தின் அமைப்பில் இருக்கு.

2023-ல் செபி இதில் ரெண்டு கேள்வி சேர்த்தது. ஒண்ணு: மொத்தச் சம்பளச் செலவில் பெண்களுக்குப் போனது எத்தனை சதவீதம்? இன்னொண்ணு: கிராமம், செமி அர்பன், நகரம், பெருநகரம் என்று பிரித்தால் எங்கே எத்தனை சதவீதம்? பிரிப்பது ரிசர்வ் வங்கி கணக்குப்படி. 10,000 முதல் 1 லட்சத்துக்குள் மக்கள்தொகை இருந்தா செமி அர்பன். 2011 சென்சஸில் திண்டிவனம் 72,796, விழுப்புரம் 96,253. ரெண்டுமே செமி அர்பன்.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கம்பெனி பெண்களுக்கு 18%, செமி அர்பனுக்கு 12% என்று எழுதுது. அந்த 12 முழுக்கப் பெண்களுக்கே போயிருக்கலாம், ஒரு பைசாகூடப் போகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் அறிக்கை ஒத்துப்போகும். ஒரு டேபிளில் ஊர் இல்லை, இன்னொண்ணில் பாலினம் இல்லை. டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரியில் சொல்லணும்னா, ஜாயின் பண்ண கீ இல்லை.

அடுத்த ஓட்டை இன்னும் பெரிசு. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்காங்க. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி தாண்டிப் போனா செய்யாறு. அங்கே சிப்காட்டில் காலணி செய்யும் லோட்டஸ் ஃபுட்வேர், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்தது. ஃபெங் டே பட்டியலாகியிருப்பது தைவான் சந்தையில். அதனால செபியின் கேள்வி அந்த ஆலைக்குப் போகாது. இது சட்டமீறல் இல்லை. சட்டமே அங்கே எட்டலை.

பிரிட்டனில் 2017 முதல் அளவுகோல் ஆள் எண்ணிக்கை. 250 பேரோ அதுக்கு மேலோ வேலைக்கு வெச்சிருந்தா, பட்டியலாகியிருந்தாலும் இல்லாட்டியும் ஆண்-பெண் சம்பள இடைவெளியை வெளியிடணும். அரசு இணையதளத்தில் பேர் போட்டுத் தேடலாம். ஊர்வாரிக் கணக்கு அங்கேயும் இல்லை, ஆனா யார் சொல்லணும் என்பதில் அவங்க சரி.

நமக்கு இது புதுசும் இல்லை. 1976 சம ஊதியச் சட்டத்தின் கீழ் ‘டி’ படிவம் என்று ஒரு பதிவேடு இருந்தது: என்ன வேலை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, சம்பள விகிதம் என்ன. கிட்டத்தட்ட இன்னிக்கு வேணும்கிற அதே டேபிள்! ஆனா அது ஆபீஸ் அலமாரியில் இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருந்தது. வேலை செய்தவங்க கண்ணுக்கு வரலை. அந்தச் சட்டமும் இப்போ 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் கரைஞ்சாச்சு.

“இவ்வளவு விவரம் திரட்ட செலவாகும்” என்று நிறுவனங்கள் சொல்லலாம். மாசாமாசம் பிஎஃப், இஎஸ்ஐ-க்கு ஆள்வாரியா சம்பளம் அப்லோடு பண்றவங்கதானே? தகவல் ஏற்கெனவே கையில் இருக்கு. கூட்டிப் போடும் ஒரு கொரி போதும். நாலஞ்சு பெண்களே இருக்கிற கிளையில் தனிநபர் சம்பளம் வெளியே தெரியும் என்பது நியாயமான கவலை. அப்படிப்பட்ட சின்னக் கிளைகளை விட்டுடலாம்.

ஆக, கேட்பது ரெண்டே மாற்றம். ஊர்வகை டேபிளில் ஆண், பெண் என ரெண்டு காலம் சேர்க்கணும். பட்டியலான கம்பெனியா என்று பார்க்காம, எத்தனை பேர் வேலை செய்றாங்க என்று பார்க்கணும். அதுவரைக்கும், பக்கத்து மெஷின்ல நிற்கிற ஆணுக்கு எவ்வளவு என்று தெரிஞ்சுக்க ஒரு தொழிலாளிக்கு இருக்கும் ஒரே வழி, அவரையே கேட்பதுதான்.