ஈகை என்னும் கிருபை: அசரியா பேராயரின் போதனையும் ஓசூர்ப் பகுதிச் சபைகளும்

இந்தியத் திருச்சபையில் காணிக்கையைப் பற்றிப் பேசப்புகும் எவரும் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைக் கடந்து செல்ல இயலாது. 1945-இல் அவர் மறைந்தபின், ஸ்டீபன் நீல் பதிப்பித்த உலகக் கிறிஸ்தவ நூல் வரிசையில், கிறிஸ்தவ ஈகையைப் பற்றிய அவருடைய சிறு நூல் 1950-களில் வெளிவந்து பல நாடுகளுக்கும் சென்றது. பக்க அளவில் சிறியதாயினும், ஏழைச் சபைகளின் நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேராயராய் உழைத்த ஒருவரின் அனுபவம் அதற்குப் பின்னே நிற்கிறது. அந்நூலின் போதனையை ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியில் இன்று நின்று வாசிக்கும்போது அதில் எது நிலைக்கிறது, எது திருத்தம் வேண்டி நிற்கிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலாவது, நூல் பிறந்த சூழலை நினைவுகூர்வோம். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அயல்நாட்டுப் பணத்தை நாடாமல், தமிழ்க் கிறிஸ்தவர்களின் காணிக்கையைக் கொண்டே நிசாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதியின் தெலுங்கு மக்களுக்கு நற்செய்தி அறிவிப்பது அதன் நோக்கம். 1905 டிசம்பர் 25-இல் செராம்பூரில் உருவான தேசிய மிஷனெரி சங்கமும் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாகக் கொண்டது. இவ்விரண்டின் தோற்றத்திலும் அசரியாவுக்குப் பங்குண்டு. 1912-இல் தோர்ணக்கலின் பேராயரானபின், பெரும்பாலும் நிலமற்ற கூலி மக்களாயிருந்த சபைகளையும் கொடுக்கும் சபைகளாக வளர்க்க அவர் முயன்றார். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலையில் கைவைத்து, நற்செய்தியை அறிவியாதிருந்தால் தமக்கு ஐயோ என்று அறிக்கையிடும்படி அவர் செய்வித்தது யாவரும் அறிந்ததே. சாட்சி பகர்தலும் கொடுத்தலும் விசுவாச வாழ்வின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்பட வேண்டியவை; சபை செழித்தபின் சேர்த்துக்கொள்ளும் அணிகலன்கள் அல்ல என்பதே அவர் கருத்து.

இந்தக் கருத்தின் வேர் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் உள்ளது. மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்திலிருந்தே உதாரமாய்க் கொடுத்தன என்று பவுல் எழுதுகிறார். அந்த ஈகைக்குக் கிருபை என்று பெயரிடுகிறார். ஏழையிடம் கேட்பது கொடுமை என்று எண்ணி அவனை விலக்கிவிடும் இரக்கம், அவனை என்றும் வாங்குபவனாகவே வைத்திருக்கிறது. இதை அசரியா தெளிவாகக் கண்டார். அவருடைய போதனையில் காலத்தால் தேயாத பகுதி இதுவே. மிசோரமில் 1910-இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை அச்சபைகளின் ஊழியத்தை இன்றளவும் தாங்கி வருவது இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று.

ஆயினும் இப்போதனையை நம் பிரசங்கங்கள் கையாளும் விதத்தில் மூன்று குறைகளைச் சுட்ட வேண்டியிருக்கிறது.

ஒன்று, பொருளாதாரச் சூழல் மாறியதை நாம் கணக்கிலெடுப்பதில்லை. தோர்ணக்கலில் காணிக்கை பெரும்பாலும் தானியமும் கோழியும் காய்கறியுமாக வந்தது. விளைச்சலை ஊரே கண்டது. படைத்ததையும் ஊரே கண்டது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் வளர்ந்தபின், ஓசூர்ச் சபைகளில் மாதச் சம்பளக்காரர் பெருகினர். நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே இருக்கையில் அமர்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வருமானம் ஒன்றல்ல. வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சியதில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளியிடமும் சொந்த வீடுள்ள அதிகாரியிடமும் பத்திலொன்று என்று ஒரே அளவுகோலை நீட்டுவது சமத்துவம் போலத் தோன்றும், பாரம் சமமாயிராது. ஒருவனுக்கு இருக்கிறதற்குத் தக்கதாகவே அவன் கொடுப்பது ஏற்கப்படும் என்றும், சமநிலை உண்டாவதே நோக்கம் என்றும் பவுல் கூறுவதை (2 கொரிந்தியர் 8:12-14) நாம் மறக்கலாகாது. அப்படியாயின் தசமபாகம் சிலருக்கு மேல் எல்லை. வேறு சிலருக்கோ தொடக்கமேயன்றி முடிவன்று.

இரண்டு, மல்கியா 3:10 படும் பாடு. பண்டசாலையில் கொண்டுவந்து சேர்த்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்கு, இன்று பல மேடைகளில் போட்ட பணம் பன்மடங்காகத் திரும்பும் என்னும் முதலீட்டு வாக்குறுதியாகிவிட்டது. அப்பண்டசாலை யாருக்காக? உபாகமம் 14:28-29 விடை தருகிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஊர்வாசலில் வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் புசித்துத் திருப்தியடைய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைக்கும் பரதேசிகள் ஓசூரின் ஊர்வாசலிலேயே நிற்கிறார்கள். நம் சபைகளின் வரவு செலவுத் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரி உண்டா? கட்டட நிதிக்கு ஒதுக்கும் தொகையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு சேகரக் கமிட்டியும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்று, காணிக்கை செல்லும் திசை. தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து குடியேறியோர் தம் பிறந்த ஊர்ச் சபையின் அசனத்துக்கும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் உவந்து அனுப்புகிறார்கள். இந்தப் பாசம் போற்றத்தக்கதே. வட இந்திய மிஷன்களுக்கு அனுப்புவதும் நன்றே. ஆனால் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் நம் வாசலருகே வாழ்கிறார்கள். அன்று தமிழர் தம் காணிக்கையால் தொலைவிலிருந்த தெலுங்கு மக்களிடம் ஊழியரை அனுப்பினர். இன்று தெலுங்கர் நம் அண்டை வீட்டார். அவர்கள் மொழியில் ஓர் ஆராதனை நடத்தவும் நமக்குப் பொருளில்லை என்கிறோம். 1903-ஐ விழாவெடுத்துக் கொண்டாடிவிட்டு அதன் ஆவியைக் கைவிடுவது முறையன்று.

இதோடு அயல்நாட்டு உதவியைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் தொடங்கி, 2010-இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020-இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. ஓர் அமைப்பு பெற்ற நன்கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தர இத்திருத்தம் தடைவிதித்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. இதனால் பல ஊழியங்கள் நலிந்தன. சட்டத்தைக் குறித்து விவாதிக்க இடமுண்டு. எனினும் அசரியாவின் தலைமுறை சட்டத்தின் நெருக்கடியின்றித் தானாகத் தேர்ந்த பாதையை நாம் நெருக்கடிக்குப் பின்னும் தேரத் தயங்குகிறோம் என்பது சிந்திக்கத்தக்கது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு கணக்கை எண்ணிப் பார்ப்போம். நாற்பது குடும்பங்கள் மாதம் சராசரி ஐந்நூறு ரூபாய் மிஷன் பணிக்கென்று ஒதுக்கினால் இருபதாயிரம் சேரும். அதே குடும்பங்கள் நாளொன்றுக்கு நூறு கிராம் அரிசியோ கேழ்வரகோ எடுத்து வைத்தால் மாதம் நூற்றிருபது கிலோ ஆகும். தொலைகிராமம் ஒன்றில் ஓர் ஊழியரின் குடும்பத்தைத் தாங்க இது பெரும்பங்கு உதவும். கேழ்வரகும் மாங்கனியும் தக்காளியும் ரோஜாவும் விளையும் மண்ணில் அறுப்பின் பண்டிகை வெறும் ஏலச்சந்தையாகச் சுருங்க வேண்டியதில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்கும்போது, பிடி கேழ்வரகு கொண்டுவந்த தாயின் காணிக்கை எவர் கண்ணிலும் படாமல் போகிறது. ஆண்டவரோ இரண்டு காசு போட்டவளையே சுட்டிக்காட்டினார்.

இறுதியாக, கொடுப்பவரிடம் உண்மை கேட்கும் சபை, பெறுமிடத்திலும் உண்மை காட்ட வேண்டும். எருசலேமுக்குரிய தருமப்பணத்தைப் பவுல் தனியே சுமந்து செல்லவில்லை. சபைகள் தெரிந்துகொண்டவரை உடன் அழைத்து, கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கக் கருதினார் (2 கொரிந்தியர் 8:19-21). தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் சபையார் முன் வாசிப்பது ஆவிக்குரிய காரியமன்று என்று எண்ணுவோர் இப்பகுதியை மீண்டும் படிக்கட்டும். உபதேசியாருக்கும் சபை ஊழியருக்கும் உரிய சம்பளத்தை நிலுவையில் வைத்துவிட்டுத் தியாகத்தைப் பிரசங்கிப்பதும் அதே குறையின் மறுபக்கம்.

அசரியாவின் நூல் இன்றும் வாசிக்கத் தகுந்தது. ஆனால் அதைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கான மேற்கோள் களஞ்சியமாக வாசித்தல் போதாது. ஏழையைக் கொடுப்பவனாக மதித்த அந்தப் பார்வையை ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியச் சீட்டுக்கு முன்னும், கன்னடம் பேசும் அண்டை வீட்டாரின் வாசலுக்கு முன்னும் கொண்டுபோய் நிறுத்துவதே இறையியல் மாணவராகிய நமக்கும் போதகராகிய நமக்கும் இன்றுள்ள கடமை.