அரை மாத்திரையின் சாமர்த்தியம்

2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது வேலையை விட்டவர், மாரிகுப்பத்து லைன் வீட்டில் காலையில் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டுகிறார். பார்க்கின்சன். அரை மாத்திரை போட்டு முக்கால் மணி கழிந்தால் பித்தான் தடுமாறாமல் துளைக்குள் போகிறது.

அந்த மாத்திரையில் இரண்டு சரக்கு. லெவோடோபா மூளைக்குள் போய், அங்கே குறைந்துபோன டோபமைன் ஆகவேண்டியது. குடலிலும் ஈரலிலும் இருக்கும் நொதி அதை வழியிலேயே மாற்றிவிடும். அங்கே உருவாகும் டோபமைன் மூளையின் தடுப்பைத் தாண்டாது, குமட்டல்தான் மிச்சம். கூடவே வரும் கார்பிடோபா அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அழகு எங்கே என்றால், இதுவும் மூளைக்குள் நுழையாது. உள்ளே அதே நொதி தாராளமாக வேலை செய்கிறது. லெவோடோபா தேவை ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

முட்டை, பருப்போடு விழுங்கினால் மட்டும் மாத்திரை வீம்பு பிடிக்கும்: லெவோடோபா நுழையும் அதே வாசல்தான் புரதத்துக்கும்.