தேர்க்காலும் டாரஸ் லாரியும்: ஒரு வாசிப்பு

வண்டி ஓட்டியவனின் குற்றத்தைப் பேசும் தமிழ்ப் பிரதிகளில் முதலாவது எது என்று கேட்டால், மனுநீதிச் சோழன் கதையைத்தான் சொல்வேன். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையே இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் அவன் பெருமையை எழுதித்தான் நாங்களும் மார்க் வாங்கினோம். அடிபட்டவன் நிற்கிற இடத்திலிருந்து அந்தக் கதையை ஒருதரம் வாசித்துப் பார்ப்போம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது இது. திருவாரூர் வீதியில் இளவரசன் தேரில் வருகிறான். சக்கரத்தில் சிக்கிக் கன்று சாகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடிக்கிறது. அந்தணர் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அடுத்தவன் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் மட்டும் கழுவாயா என்று திருப்பிக் கேட்கிறான் அரசன்.

நல்ல கேள்விதான். இந்த நாட்டில் நிலைத்துப் போனது அமைச்சர்களின் யோசனைதான். 2024 மே 19ஆம் தேதி புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஜாமீன். சாலை விபத்து பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னது சிறார் நீதி வாரியம். ஊர் கொதித்த பிறகுதான் அவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். கழுவாய் கட்டுரையாகி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சோழன் கதையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. செத்தது பசுவின் கன்று. புனிதப்பட்ட உயிர். அது ராஜவீதியில் துள்ளித் திரியலாம், அதன் தாய் அரண்மனை வாசல்வரை போய் மணி அடிக்கலாம். அதே பெரியபுராணத்தில் நந்தனைப் பாருங்கள். தில்லைக்குப் போனவன் உள்ளே நுழையத் துணியாமல் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறான். உள்ளே போக அவனுக்குத் தீ தேவைப்பட்டது. கன்றுக்குத் திறந்த வீதி, நந்தனுக்கு எல்லை. தேர்க்காலில் சிக்கியது ஒரு பறையர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அதன் தாய் எந்த வழியாக நடந்து போய் மணி அடித்திருப்பாள்?

நாஞ்சில் நாட்டில் இது கற்பனைக் கேள்வி இல்லை. இந்த மண் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுவழியில் போனதே கலகம். சுசீந்திரத்தில் தேரோடும் வீதியில் நடப்பதற்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல். தேர் போகலாம், மாடு போகலாம், மனுஷன் போகக்கூடாது என்றிருந்த வீதிகள் இவை. நடக்கும் உரிமையையே போராடி வாங்கியவர்கள் நாம். அதனால்தான் நடந்து போகிறவனின் சாவை வெறும் டிராஃபிக் விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இன்றைக்கு அதே ரோட்டில் பாறை ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன. விடியுமுன்னே ரோட்டில் இருப்பவர்கள் யார்? ரப்பர் பால் வெட்டச் சைக்கிளில் போகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், மீன்கூடை சுமக்கும் பெண்கள். எங்க காலனியில் ஒருத்தர் இப்படித்தான் சைக்கிளோடு போனார். மறுநாள் பேப்பரில் வந்தது: ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி தொழிலாளி பலி’. இந்த வாக்கியத்தை இலக்கணமாகப் பிரித்துப் பாருங்கள். மோதியது வாகனம். ஓட்டியவன் இல்லை, உடமைக்காரன் இல்லை. ‘பலி’ என்கிற சொல்லோ செத்தவரை ஏதோ ஒரு சாமிக்குப் படைத்துவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போனால், “செத்தவன் செத்தான், இருக்கியவனப் பாரு. கேஸுன்னு அலையதுக்கு ஆளு இருக்கா?” என்றார்கள். பேப்பர் மொழியும் ஸ்டேஷன் மொழியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சட்டத்தின் மொழிக்கு வருவோம். பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருஷம். நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்தாக்கியது. சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் என்றும் எழுதியது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பத்து வருஷ உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஓட்டுநர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்றார்கள். டாரஸ் ஓட்டுகிறவனும் பல நேரம் நம்ம பயதான். எத்தனை ஓட்டம் அடித்தானோ அத்தனைக்குத்தான் காசு. பாரத்தை ஏற்றச் சொன்னவன், தூங்கவிடாமல் அடுத்த நடைக்கு அனுப்பியவன், அவனெல்லாம் வழக்கில் எங்கே? சிறுவன் ஓட்டினால் பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும் குற்றவாளி என்று 2019 திருத்தம் சொல்கிறது. கூடுதல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000மும் அபராதம். அதைக் கட்டிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போகலாம். ஜெயில் ஓட்டியவனுக்கு.

செத்தவனுக்கு என்ன விலை? இடித்தவன் தெரியாமல் ஓடிவிட்டால், 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம். அதற்கு முன் இருபத்தையாயிரம். வண்டி பிடிபட்டால் செத்தவரின் வருமானத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குகிறார்கள். கூலி ஏன் குறைவு என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. தலைமுறையாகக் கூலியைக் குறைத்துவைத்தது சாதி. அந்தக் குறைந்த கூலியையே உயிரின் விலையாக்குகிறது தீர்ப்பாயம்.

ஆகவே தண்டனையைக் கூட்டு என்ற கோஷத்தோடு நாம் நிற்க முடியாது. முதல் தகவல் அறிக்கையில் வண்டி உடமைக்காரன் பெயரும் ஏற்றிய பாரமும் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதும் வரவேண்டும். இழப்பீட்டில் கூலிக்காரன் உயிருக்கு ஒரு கண்ணியமான அடிமட்டத் தொகை வேண்டும். நம்ம பத்திரிகைகளாவது ‘வாகனம் மோதி பலி’ என்று எழுதாமல் யாருடைய வண்டி, எந்த குவாரிக்கு ஓடியது, யாரைக் கொன்றது என்று முழு வாக்கியமாக எழுதட்டும். சோழனின் மணி நமக்காகக் கட்டப்படவில்லை. சுசீந்திரத்தில் வீதியில் இறங்கியவர்களும் எந்த மணிக்காகவும் காத்திருக்கவில்லை.