மறதியினின்று மீண்ட தேயிலைக் கதை

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் பலர் மலையை விட்டு இறங்கிவிட்டனர். இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டார் பலர். வீடு மாறும்போது பெட்டியும் படுக்கையும் வண்டியில் ஏறும்; பழைய புத்தகக் கட்டோ காகிதக்காரன் தராசில் ஏறும். அக்கட்டில் இருப்பது குப்பையா, கருவூலமா என்று யார் சொல்வது?

இவ்வினாவுக்கு ஒரு விடை தந்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. தொழிலால் அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் தேடத் தொடங்கி, நாவல், நாடகம், இதழ், துண்டறிக்கை என எதனையும் இழிவென்று தள்ளாமல் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. முதலில் காத்தல், பின்னர்த் தரம் காணல் என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் முறை. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானதை எண்ணுவோர் இம்முறையின் அருமையை அறிவர்.

எனினும், நூல் கிடைத்தல் வேறு, மீளல் வேறு. இதற்குத் தேயிலைத் தோட்டத்தார்க்கு அணுக்கமான சான்று ஒன்று உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை 1969-இல் வெளியிட்டார். மேஸ்திரியின் சொல்லை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறும் கருப்பன், வள்ளி ஆகிய கணவன் மனைவியின் கதை அது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்களுள் பெரும்பாலோர் படிக்க இயலாத மொழியில் அந்நூல் 38 ஆண்டுகள் இருந்தது. 2007-இல் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய பின்னரே தமிழுலகம் அதனைப் பரவலாக அறிந்தது. 2013-இல் வந்த 'பரதேசி' திரைப்படத்துக்கும் அதுவே அடிப்படையாயிற்று.

ஆங்கிலத் தலைப்பு தேநீர் குடிப்பவனை நோக்கிப் பேசுகிறது; தமிழ்த் தலைப்போ பனியில் நின்றவர் பக்கம் நிற்கிறது. இம்மாற்றமே நூலை உரியவரிடம் சேர்த்தது எனலாம். மருத்துவர் எழுதியதாதலின் குளிரும் அட்டையும் காய்ச்சலும் துல்லியமாக அமைந்துள்ளன. கடன் ஆளைக் கட்டிவைக்கும் விதமும் தெளிவாகப் புலப்படுகிறது. ஆயினும், துன்பங்களை அடுக்கும் வேகத்தில் பாத்திரங்களின் தனி மனம் சில இடங்களில் மங்கிவிடுகிறது. இதனைச் சொல்லுதல் நூலைத் தாழ்த்துவதாகாது. மறக்கப்பட்டதே என்னும் இரக்கத்தால் மட்டும் போற்றப்படும் நூல், இரண்டாம் முறையும் மறக்கப்படும்.

கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் தோன்றியது 1929-இல். மலேசியத் தமிழ் நாவல் என்றதும் பால்மரக் காடே கண்முன் நிற்கிறது. தேயிலை மலையின் கதை அருகியே பேசப்படுகிறது. ஆகவே இங்குள்ள வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய நூல்களும் கோயில் திருவிழா மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. நூலின் பெயர், எழுதியவர், அச்சகம், ஆண்டு ஆகிய நான்கையும் குறித்துவரத் தமிழாசிரியர்கள் மாணவரைப் பழக்கலாம். பின்னர் அவற்றுள் ஒன்றை வகுப்பில் படித்து, நிறையை நிறையென்றும் குறையைக் குறையென்றும் ஆராய்தல் வேண்டும். தராசு காகிதக்காரனிடம் மட்டும் இருத்தலாகாது. படிப்போரிடமும் இருத்தல் வேண்டும்.