நூல்பந்தில் சிக்காத சீகை

இயற்கை முகாம் என்றாலே நூல்பந்து என்றாகிவிட்டது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களும் முகாம் நடத்துவோரும் உணவு வலையை விளக்க இதைத்தான் கையிலெடுக்கிறார்கள். மாணவர்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் புல், ஒருவர் வரையாடு, ஒருவர் சிறுத்தை. எதை எது தின்கிறதோ அந்த வழியில் நூல்பந்து கைமாறும். வலை பின்னி முடிந்ததும் ஒருவரை மட்டும் நூலை விடச் சொல்வார்கள். எல்லார் கையிலும் இழுப்பு தளரும். "ஓர் உயிர் போனால் எல்லாம் குலையும்" என்று பாடம் முடியும். அமெரிக்கரான ஜோசப் கார்னெல் 1979-இல் வெளியிட்ட சிறுவர் இயற்கை விளையாட்டுப் புத்தகம் இதை உலகெங்கும் பரப்பியது. இதில் குறை சொன்னால், இதைவிட நல்ல வழி உண்டா என்று கேட்கிறார்கள்.

நன்மையை மறுக்கவில்லை. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று ஐந்து பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டியவர்களுக்கு, சங்கிலி வேறு, வலை வேறு என்பதைச் சில நிமிடங்களில் கைகளுக்கே உணர்த்திவிடுகிறது இந்த விளையாட்டு. ஓர் இனத்தின் இழப்பு பெரிய விளைவைத் தரும் என்பதும் உண்மைதான். 1960-களில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் பசிபிக் கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து அகற்றினார். மட்டிகள் பெருகிப் பாறையைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன.

என் மறுப்பு வேறு. இந்த விளையாட்டுக்கு இழப்பு மட்டுமே தெரியும், வரவு தெரியாது. வட்டத்தில் இருப்பவர் வெளியேறலாம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. வேறோர் இடத்தில் இது சிறு குறையாகப் போகலாம். நீலகிரியில் இது பாடத்தின் அடிமடியிலேயே கைவைக்கிறது. 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் இந்த மலை ஏறிய பிறகு இங்கே நேர்ந்த மாற்றங்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தவற்றால் நேர்ந்தது. தேயிலை வந்தது. விறகுக்குக் கற்பூர மரமும், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை (வாட்டில்) மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. தூண்டில் பொழுதுபோக்குக்காக அவலாஞ்சி ஓடைகளில் ட்ரவுட் மீன் விடப்பட்டது. சோலைகளுக்கு நடுவே விரிந்திருந்த புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து ஆங்கிலேயர் மரம் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் நட்டோம். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இந்த மலையிலிருந்து மரம் இறங்கியது.

சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். அதன் நிழலில் புல் மடிகிறது. புல் போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லை, நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்குக் கூடு கட்ட இடமில்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் எண்ணப்பட்ட வரையாடுகள் 1,031. புல்வெளி சுருங்கியதைச் சொல்லாமல் இந்த எண்ணை மாணவருக்கு விளக்கவே முடியாது.

இப்போது சீகையை அந்த வட்டத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். அது எதையும் தின்பதில்லை. வரையாட்டின் பிழைப்பைப் பறிக்கும் மரத்துக்கும் வரையாட்டுக்கும் நடுவே ஒரு நூல்கூட ஓடாது. மாறாக, அதன் இலையைக் கருமந்தி தின்பதால் ஒரு நூல் வந்து சேரும். வெளியிலிருந்து வந்த இன்னொன்றான உண்ணிச்செடிக்கு (லண்டானா) இன்னும் யோகம்: பழத்துக்குக் கொண்டைக்குருவி, தேனுக்கு வண்ணத்துப்பூச்சி. முதுமலையில் தரையை மூடி, மான்கள் மேயும் புல்லைத் தலையெடுக்க விடாத அந்தச் செடி, நூல் கணக்கில் வலையின் தூணாகிவிடும். அதை நூலை விடச் சொன்னால் எல்லார் கையும் தளரும். உண்ணிச்செடியைக் காப்பாற்ற வேண்டும் என்ற முடிவோடு ஒரு மாணவி வீடு திரும்பினால் தவறு அவளுடையதா? சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். நூல் கூடக்கூட வலை உறுதிப்படும் என்பதாவது நிற்குமா என்றால், அதுவும் நிற்காது. தற்செயலாகப் பின்னப்பட்ட அமைப்பில் இனங்களும் பிணைப்புகளும் கூடினால் நிலைகுலையும் வாய்ப்பே கூடும் என்று 1972-இலேயே சூழலியலாளர் ராபர்ட் மே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

பாறுக் கழுகுகளைச் சொல்லி என்னை மடக்கலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறுகளின் முக்கியப் புகலிடம். அவை அருகியதால் பிணம் தின்னும் வேலை காட்டில் தடைப்பட்டது. இது தெளிவான இழப்புக் கதை அல்லவா? கதையை முதலிலிருந்து சொன்னால் இதுவும் வரவின் கதைதான். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-இல் காரணம் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நூல்பந்து விளையாட்டில் பாறாக நிற்கும் மாணவர் நூலை விடுவார். ஏன் விட்டார் என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் சொன்னார், விட்டார். இந்தியாவின் மிகப்பெரிய பறவைச் சரிவுகளில் ஒன்றுக்கு அந்த வட்டத்தில் காரணமே இல்லை.

வரவை வெளியே நிறுத்தியதால் மனிதர்களும் வெளியே நின்றுவிட்டார்கள். குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் உணவு வலை எது? சோறும் காய்கறியும் சமவெளியிலிருந்து லாரியில் மலையேறுகின்றன. விடுதியின் மிச்சம் குப்பைக்குப் போகிறது. குப்பையைத் தின்று தெருநாய் பெருகுகிறது. நாயைத் தேடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுத்தை இறங்குகிறது. அந்தச் சிறுத்தையின் உடம்பில் ஓடும் ஆற்றலில் ஒரு பங்கு ஏதோ ஒரு நெல்வயலில் வெயிலிலிருந்து வந்தது. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கும் கரடியும் இதே வலையில்தான் இருக்கிறது. தேயிலை பறிக்கப் போகும் அம்மாவை நினைத்து அஞ்சும் பிள்ளைக்கு இந்த வலை உயிர்ப் பிரச்சினை. அந்தப் பிள்ளையைப் புல்லாக நிறுத்தி, மற்றவர்கள் கழுத்தில் வரிக்குதிரை என்று வேறு கண்டத்து அட்டைகளை மாட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு எளிமை போதும், சிக்கலை மேல்வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான பதில். மேல்வகுப்பில் காத்திருப்பது உணவு வலைப் படத்தில் அம்புக்குறியின் திசைக்கு மதிப்பெண். 'புதிதாக ஒன்று வந்தால் என்ன ஆகும்' என்ற கேள்வி, 'ஒன்று போனால் என்ன ஆகும்' என்பதைவிடக் கடினமானதும் இல்லை. விடை வேண்டுமானால் கடினமாக இருக்கும். சீகையின் நிழலில் இன்று சோலை மரக்கன்றுகள் முளைக்கும் இடங்கள் உண்டு. அங்கே வெட்டுவதா விடுவதா என்பதில் ஆய்வாளர்களே மாறுபடுகிறார்கள். அந்தக் கருத்து வேறுபாடு பன்னிரண்டு வயதுக்குப் புரியாது என்று நான் நம்பவில்லை.

முகாம் கையேடு எழுதுகிறவர்கள் வட்டத்துக்கு வெளியே மூவரை நிறுத்தட்டும்: சீகை, ஊசிமருந்து, விடுதிச் சோற்றின் மிச்சம். ஒவ்வொருவராக உள்ளே வரும்போது யார் கையிலிருந்து நூல் நழுவுகிறது, யார் கைக்குப் புதிதாகப் போகிறது என்று மாணவர்களே சொல்லட்டும். சீகைக்கு நூலோடு ஒரு போர்வையும் கொடுத்து, புல்லாக நிற்பவர்களை மூடச் சொல்ல வேண்டும். கடைசி நாளில் மரக்கன்று நடும் வழக்கம் இருந்தால், குழி வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். புல்வெளி என்று அவர் சொன்னால், கன்றை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.